அட்லாண்டிக்கைக் கடக்கும் படகில் இடம் தேடுகிறவர்களுக்கு

நவம்பர் தொடக்கத்தில் ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் துறைக்குப் போனால், தோளில் பையோடு படகுத்துறைப் பலகைகளில் நடந்துகொண்டிருக்கும் ஆட்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பாய்மரப் படகின் முன்னும் நின்று, "ஆள் வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நானும் அப்படி நடந்தவன். பதினொரு நாள் நடந்தேன். மூன்றாம் நாளே ஒரு படகில் இடம் கிடைத்தது, ஏறாமல் விட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது அதைத்தான். எல்லோரும் "எனக்கு இடம் கொடுப்பார்களா?" என்று கவலைப்படுகிறார்கள். "இந்தப் படகில் நான் ஏறலாமா?" என்று யோசிக்கிறவர்கள் குறைவு.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாதை.

பாதையும் மாதமும்

முதல் பெருங்கடல் பயணத்துக்கு, கனாரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும் பாதையைத்தான் நான் சொல்வேன். லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியா ஏறத்தாழ 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். 40 அடிப் படகு நாளைக்கு 130 முதல் 150 கடல் மைல் போகும். ஆக, 18 முதல் 21 நாள் வரை கரையே கண்ணில் படாது. காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து, முதுகுப்பக்கமாக அடிக்கும். பள்ளியில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதுதான். எதிர்காற்றில் முட்டி மோதிக்கொண்டு போவது வேறு, பின்காற்றில் போவது வேறு. புதியவருக்கு இரண்டாவதுதான் சரி.

கரீபியன் பக்கத்துச் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதனால் படகுகள் நவம்பர் கடைசியில்தான் கிளம்பத் தொடங்கும். நம் கணக்கில் கார்த்திகை மாதம். ஜனவரியில் காற்று இன்னும் நிலையாக இருக்கும் என்றாலும், கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர ஆசைப்படுகிறவர்களே அதிகம். நேராக மேற்கே யாரும் போவதில்லை. முதலில் கேப் வெர்டி தீவுகளின் திசையில் தென்மேற்காக இறங்கி, காற்று நிலைத்த பிறகு மேற்கே திரும்புவார்கள். "வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு" என்பது இந்தப் பாதையில் பழைய மாலுமிகள் சொல்லிவைத்தது.

இதே பாதையில் 1986 முதல் ஒரு கூட்டுப் பயணம் நடக்கிறது. அட்லாண்டிக் ரேலி ஃபார் க்ரூசர்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஆர்க் என்பார்கள். ஜிம்மி கார்னெல் தொடங்கியது. ஆரம்பத்தில் பார்படோஸ் தீவில் முடிந்தது, 1990 முதல் செயின்ட் லூசியாவில் முடிகிறது. இதில் சேரும் படகுகள் கிளம்புவதற்கு முன் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். உயிர்காப்புப் படகு, அவசர பீக்கன் (ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் கருவி), லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத்தான் போவார். புதியவருக்கு அது பெரிய பலம். இரண்டு படகில் இடம் கிடைத்து எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் ஆர்க்கில் பதிந்த படகை எடுங்கள்.

ஊரில் இருக்கும்போதே

பாய்மரம் ஓட்டத் தெரிந்திருந்தால்தான் சேர்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்கிப்பர்கள், அதாவது படகை நடத்துகிறவர்கள், தேடுவது சொன்ன நேரத்துக்கு வாட்சுக்கு (முறைவைத்துக் காவல் பார்ப்பதற்கு) எழுந்து வருகிற, மூன்று வாரம் ஒரே அறையில் முகம் சுளிக்காமல் இருக்கிற ஆளை. ஆனாலும் கயிறே தொடாமல் போகாதீர்கள். அது உங்களுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் பாரம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. சின்னப் படகில் நாலைந்து வாரக்கடைசி போய்வந்தாலே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும். அடுத்து, பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ. அமைப்பின் காம்பிடென்ட் க்ரூ பயிற்சி. படகிலேயே தங்கி ஐந்து நாள். முடிச்சுகள், பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, சமையலறை எல்லாம் அதில் வந்துவிடும். முடிச்சு நிறையத் தெரிய வேண்டியதில்லை. போலைன், க்ளோவ் ஹிட்ச், ரவுண்ட் டர்ன், இந்த மூன்றையும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால் போதும்.

கையில் காசு ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் இருக்கிறது என்றால், நான் ஒருநாள் கடல் உயிர்காப்புப் பயிற்சியைத்தான் எடுப்பேன். வகுப்பு முடிந்ததும் மழைக்கோட்டோடும் லைஃப் ஜாக்கெட்டோடும் நீச்சல் குளத்தில் இறக்கிவிடுவார்கள். கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் உயிர்காப்புப் படகை நிமிர்த்த வேண்டும். அதன் அடிப்பக்க நாடாவைப் பிடித்து, அதன் வாயு உருளையின் மேல் கால் வைத்து, முழு எடையையும் பின்னால் சாய்க்க வேண்டும். அது நிமிர்ந்து நம் மேலேயே விழும். உள்ளே இருட்டு, மூச்சு முட்டும். மல்லாந்து கையால் தள்ளி வெளியே வரவேண்டும். வெதுவெதுப்பான குளத்திலேயே எனக்கு இரண்டாவது தடவைதான் வந்தது. அன்றைக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட்டின் கவட்டு நாடாவை மாட்டாமல் நான் மேல்தளத்துக்குப் போனதே இல்லை. அந்த நாடா இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் காதுவரை ஏறிவிடும்.

இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கா என்று வீட்டில் கேட்பார்கள். ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, சக கடற்படை அதிகாரி தில்னாவுடன் இரண்டே பேராகக் கடற்படையின் தாரிணி படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். வீட்டாருக்கு அதைக் காட்டுங்கள்.

இடம் தேடுவது

இரண்டு வழி. ஒன்று, ஆறு மாதம் முன்பே க்ரூ (படகில் வேலை செய்யும் ஆட்கள்) தேடும் இணையதளங்களில் பதிந்து ஸ்கிப்பர்களோடு பேசுவது. இன்னொன்று, அக்டோபர் கடைசியில் நேரே லாஸ் பால்மாஸ் போய் நடப்பது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முதல் வழியில் தொடங்குவதுதான் நல்லது. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வாங்கிக்கொண்டு போக வேண்டும், 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். கையில் ஒன்றுமில்லாமல் போய் நடந்தால் விசா நாட்களும் கரையும், பணமும் கரையும்.

உங்களைப் பற்றி எழுதும்போது உள்ளதை எழுதுங்கள். எத்தனை கடல் மைல் போயிருக்கிறீர்கள், இரவில் போனதுண்டா, குமட்டல் வருமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், என்ன சமைப்பீர்கள். அனுபவம் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். கரையில் சொன்ன பொய் கடலில் முதல் ராத்திரியே தெரிந்துபோகும். சமைக்கத் தெரியும் என்பதை மேலேயே போடுங்கள். எலெக்ட்ரிக் வேலை, டீசல் எஞ்சின், நர்சிங், தையல் எது தெரிந்தாலும் எழுதுங்கள். கிழிந்த பாயைத் தைக்கத் தெரிந்தவருக்குப் படகில் தனி மரியாதை.

நான் ஏறாத படகு

46 அடி. பளபளவென்று இருந்தது. காபி கொடுத்தார்கள். உப்பு நீரை நன்னீராக்கும் இயந்திரம், பெரிய திரைகள், ஃப்ரீசர் எல்லாம் காட்டினார் ஸ்கிப்பர். உயிர்காப்புப் படகை எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேட்டேன். "அது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தேதி வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எத்தனை வருடம் பழசு என்று கேட்டேன். வாங்கும்போதே இருந்தது என்றார். இதற்கு முன்னால் உங்களோடு வந்தவர்கள் யாரிடமாவது பேசலாமா என்று கேட்டபோது அவருடைய முகம் மாறிவிட்டது. "நிறையக் கேள்வி கேட்கிறாய்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் காபியை வைத்துவிட்டு எழுந்தேன். நடுக்கடலில் விடியற்காலை மூன்று மணிக்கு, "காற்று கூடுகிறது, பாயைக் குறைக்கலாமா?" என்று இவரை எழுப்பிக் கேட்க முடியுமா? முடியாது என்று தோன்றியது. நல்ல ஸ்கிப்பருக்குப் புதியவர் கேள்வி கேட்டால் பிடிக்கும். அதுவே என் முதல் அளவுகோல்.

இரண்டாவது படகு 38 அடி, பழசு, மெத்தையில் ஈர வாடை. ஆனால் அந்த அம்மா, ஆமாம், ஸ்கிப்பர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, நான் கேட்பதற்கு முன்பே படகின் தரைப்பலகையைத் தூக்கி ஒவ்வொரு கடல்நீர் வால்வையும் காட்டினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரக்கட்டை ஆப்பு கயிற்றில் கட்டித் தொங்கியது. வால்வு உடைந்தால் அடித்து அடைக்க. அதைப் பார்த்ததும் மனதுக்குள் சரி என்று பட்டது.

நீங்கள் கேட்க வேண்டியவை இவை. உயிர்காப்புப் படகு எத்தனை பேருக்கு, கடைசி சர்வீஸ் எப்போது. ஈபெர்ப் எனப்படும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனின் பேட்டரி எப்போது காலாவதி, அது எந்தப் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. எனக்கான லைஃப் ஜாக்கெட் எது, அதைத் திறந்து வாயு உருளையைப் பார்க்கலாமா. ஸ்கிப்பர் விழுந்தால் அல்லது மயங்கினால் அடுத்துப் படகை யார் நடத்துவார். ஆட்டோபைலட் கெட்டால் என்ன வழி. எத்தனை பேர், வாட்ச் எப்படி. மது விஷயம் எப்படி. கடலில் குடிப்பதில்லை என்று சொல்கிற படகுதான் எனக்குப் பிடிக்கும். பழைய க்ரூ இருவரோடு பேச வேண்டும் என்றும் கேளுங்கள்.

பெண்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அனுபவம் எதுவும் வேண்டாம், செலவும் வேண்டாம், புகைப்படம் மட்டும் அனுப்பு என்று வரும் அழைப்புகள் உண்டு. அதற்குப் பதிலே போடாதீர்கள். தனியாக ஒரு ஆணோடு மட்டும் முதல் பயணம் வேண்டாம். முன்பு அந்தப் படகில் போன பெண் ஒருவரிடம் நேரடியாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள். தனிக் கதவுள்ள அறை உண்டா என்று கேட்பதில் கூச்சமே தேவையில்லை.

பேசி முடித்த பிறகும் கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரியாவது படகோடு வெளியே போய்வாருங்கள். கனாரித் தீவுகளுக்குள்ளேயே ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் போதும். பாய் குறைக்கும்போது ஸ்கிப்பர் கத்துகிறாரா, சொல்லிக்கொடுக்கிறாரா என்பது அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். மனம் ஒப்பவில்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். விமானச் சீட்டுப் பணம் போகட்டும். துறையை விட்டு வெளியேறிய பிறகு 2,700 கடல் மைலுக்கு இறங்க இடமில்லை.

பணமும் தாளும்

தனியார் படகில் பொதுவாக மூன்று வகை. சாப்பாட்டுச் செலவை மட்டும் பங்கிடுவது, சாப்பாடு, டீசல், துறைக் கட்டணம் எல்லாவற்றையும் பங்கிடுவது, அல்லது ஒரு தொகை கட்டிப் பயணியாகப் போவது. மூன்றாவது என்றால் அது வணிகம், அந்தப் படகுக்கும் ஸ்கிப்பருக்கும் அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். எதுவானாலும் ஒரு மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எதற்குக் கொடுப்பது, பயணம் எங்கே முடிகிறது, படகு உடைந்து கிளம்பாவிட்டால் என்ன, ஊர் திரும்பும் செலவு யாருடையது. நண்பராகவே பழகிவிட்டாலும் எழுதுங்கள்.

கடல் வழியாக ஸ்பெயினை விட்டுப் போகும்போது துறைமுகப் போலீஸில் வெளியேறும் பதிவு போட வேண்டும். இதை மறந்தால், நீங்கள் இன்னும் ஐரோப்பாவிலேயே தங்கியிருப்பதாகக் கணக்கு நிற்கும், அடுத்த விசாவுக்கு வம்பு. படகு மார்டினிக் தீவில் கரை சேருமென்றால் கவனம். அது பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை, சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அமெரிக்கா வழியாக ஊர் திரும்ப நினைத்தால் விமானம் மாறுவதற்குக்கூட டிரான்ஸிட் விசா வேண்டும். தீவில் இறங்க, வெளியேறும் விமானச் சீட்டைக் கேட்பார்கள். படகு என்றைக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், தேதி மாற்றக்கூடிய சீட்டாக வாங்குங்கள்.

பயணக் காப்பீட்டில் கரையிலிருந்து எவ்வளவு தூரம்வரை செல்லும் என்று பாருங்கள். பல காப்பீடுகள் பெருங்கடல் பயணத்தை விலக்கியே எழுதியிருக்கும். கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்; குடிவரவு வேலைக்கு ஸ்கிப்பர் கேட்டால் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். படகின் பெயர், எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகின் ரேடியோ அடையாள எண்), ஸ்கிப்பரின் பெயர், கிளம்பும் தேதி ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "இருபத்தைந்து நாள்வரை கவலைப்படாதீர்கள்" என்றும் அதில் எழுதுங்கள். அம்மாவுக்கு அது ரொம்ப முக்கியம்.

பை

மடக்கக்கூடிய துணிப்பை மட்டும். சக்கரப் பெட்டி கொண்டுவந்தால் வைக்க இடமே கிடையாது. முதல் வாரம் ராத்திரியில் குளிரும், பிறகு புழுங்கும். மழைக்கோட்டு, ஒரு கம்பளி, மெல்லிய முழுக்கைச் சட்டைகள், கயிறு கட்டிய தொப்பி, கண்ணாடிக்குக் கயிறு, சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு. வெள்ளை வெளிச்சம் போட்டால் வாட்சில் இருப்பவரின் இருட்டுப் பார்வை போய்விடும். கூடுதல் செலவு என்று ஒன்றைச் செய்வதானால், சொந்தமாக ஹார்னெஸோடு கூடிய லைஃப் ஜாக்கெட்டும், அதில் செருகும் தனிநபர் ஏ.ஐ.எஸ். பீக்கனும் வாங்குங்கள். ஏ.ஐ.எஸ். என்பது கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் முறை. தண்ணீரில் விழுந்தால் அது உங்கள் இடத்தைப் படகின் திரையில் காட்டும்.

முதல் மூன்று நாள்

குமட்டல் வரும். வராதவர்கள் உண்டு, நீங்கள் அவர்களில் ஒருவர் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். டாக்டரிடம் கேட்டு சின்னாரிசின் போன்ற மாத்திரையை, கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்குங்கள். வாந்தி வந்த பிறகு விழுங்கும் மாத்திரை உள்ளே நிற்காது. எந்த மருந்து உங்களை எவ்வளவு தூக்கத்தில் தள்ளுகிறது என்பதைக் கரையிலேயே சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள். உள்ளே போனால் உட்காராதீர்கள், உடனே படுத்துவிடுங்கள். உலர்ந்த பிஸ்கட், சுக்குத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.

வாந்தியைப் படகின் விளிம்புக்குப் போய் எடுக்காதீர்கள். வாளி இருக்கிறது. வாளிதான் சரி. தண்ணீரில் தவறி விழுகிறவர்கள் எல்லோரும் புயலில் விழுவதில்லை. விளிம்பில் குனிந்தபோதும், இரவில் சிறுநீர் கழிக்க நின்றபோதும் விழுகிறார்கள். ஆண்களும் உள்ளே போய் உட்கார்ந்துதான் போக வேண்டும். படகில் இதை ஒரு சட்டமாகவே வைத்திருப்பார்கள், நீங்களும் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் கடந்துவிடும். பின்காற்றில் எல்லாப் பாயும் விரித்து, கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் படகைத் திருப்ப இன்னும் சில நிமிடம் ஆகும். இரண்டு மீட்டர் அலையில் மனிதத் தலை ஒரு தேங்காய் மாதிரி, அடுத்த அலைக்குள் மறைந்துவிடும். அதனால்தான் யாராவது விழுந்தால் ஒருவர் வேறு எதுவும் செய்யாமல் கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. மற்றவர்கள் மிதவையை எறிந்து, ஜி.பி.எஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் எம்.ஓ.பி. பொத்தானை அழுத்துவார்கள். எல்லாவற்றையும்விட, விழாமல் இருப்பதுதான் வழி. படிக்கட்டிலிருந்து தலையை வெளியே நீட்டுவதற்கு முன்பே கையை நீட்டி டெதரின் (உடம்பைப் படகோடு பிணைக்கும் பட்டையின்) கொக்கியை மாட்டுங்கள். இறங்கும்போது உடம்பு முழுக்க உள்ளே வந்த பிறகு கழற்றுங்கள். இரவில் தனியாக இருக்கும்போது சுக்கான் இருக்கும் காக்பிட்டை விட்டு அணியம் (படகின் முன்முனை) பக்கம் போகவே கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் ஒருவரை எழுப்புங்கள். எழுப்பினால் திட்டுவார்களோ என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று, பூம். பாயின் அடியில் படுக்கைவாட்டில் இருக்கும் அந்த நீளமான உலோகக் குழாய். பின்காற்றில் படகு சற்றே தடம் மாறினாலும் அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வீசியடிக்கும், மண்டையைப் பிளக்கும் வேகத்தில். அதைத் தடுக்க ப்ரிவென்டர் என்ற கயிற்றைக் கட்டியிருப்பார்கள். அது எங்கே கட்டியிருக்கிறது, எப்படி அவிழ்ப்பது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பூம் போகும் பாதையில் தலையை வைத்து நிற்காதீர்கள்.

வாட்ச்

எங்கள் படகில் நான்கு பேர். இரவில் ஆளுக்கு மூன்று மணிநேரம் வாட்ச். எனக்குப் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து. பத்து நிமிடம் முன்னதாகவே உடை போட்டுத் தயாராக வந்து நிற்க வேண்டும். கடலில் நல்ல பெயர் வாங்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு முடித்துப் படுக்கப் போகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம். மாறும்போது காற்றின் திசை, வேகம், போக வேண்டிய கோணம், கண்ணில் பட்ட கப்பல்கள் எல்லாவற்றையும் அவர் சொல்வார். திருப்பிச் சொல்லுங்கள்.

பிறகு அவர் உள்ளே போய்விடுவார், நீங்கள் மட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தொடுவானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பாயின் மறைவில் குனிந்தும் பாருங்கள். எதிரே வரும் சரக்குக் கப்பல் தொடுவானத்தில் தெரிந்து கால் மணிநேரத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஏ.ஐ.எஸ். திரையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், எல்லாப் படகிலும் அது இருக்காது. பின்பக்கம் நட்சத்திரங்கள் திடீரென்று இல்லாமல் போய், ஒரு கரும்பட்டை மேலே ஏறினால் அது மழைக்காற்று. ரேடார் இருந்தால் அதிலும் தெரியும். அது வந்து சேரும்வரை காத்திருக்காமல் ஸ்கிப்பரை எழுப்புங்கள்.

திசைகாட்டி முள்ளையே பார்த்துச் சுக்கான் பிடித்தால் கண் சுழலும். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் மேற்கே சரிந்துகொண்டிருக்கும், நாமும் மேற்கேதான் போகிறோம். அணியத்தின் கம்பிக்குச் சற்று வலதுபக்கம் அதை நிறுத்தி இருபது நிமிடம் ஓட்டுவேன். அது கீழே இறங்கியதும் இன்னொரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வேன். சின்ன வயதில் பாட்டி மொட்டைமாடியில் ஆறு நட்சத்திரம் எண்ணச் சொன்ன அதே கூட்டம். அதை வைத்து ஒரு படகை ஓட்டுவேன் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்!

சாப்பாடு

இதில்தான் நம் ஆட்கள் ஜெயிக்கலாம். ஆடும் படகில் மிகச் சிறந்த பாத்திரம் பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். அடுப்பு படகோடு சேர்ந்து ஆடும்படி ஊஞ்சல்போலத் தொங்கும், பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளத் தண்டுகள் இருக்கும். அப்படியிருந்தும் கொதிக்கும் பாத்திரத்துக்கு எதிரே வெறும் காலோடு நிற்காதீர்கள். நான் மழைக்கோட்டின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பேன். தீக்காயத்துக்கு அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. ஒன்பதாம் நாள் மழையில் நனைந்து வந்தவர்களுக்கு மிளகு ரசமும் சோறும் வைத்தேன். அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை என்னைப் பாத்திரம் கழுவ விடவில்லை.

சாமான் வாங்கும்போது முட்டைக்கோசு, வெங்காயம், உருளை, பூசணி நிறைய எடுங்கள். முட்டை குளிர்பெட்டியில் வைக்காததாகப் பார்த்து வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். வாழைத்தார் கட்டாதீர்கள், ஒரே நாளில் எல்லாம் பழுத்துவிடும். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுபோகாதீர்கள், கரப்பான் முட்டை அதோடு ஏறிவரும். குடிநீர் ஒருவருக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்து, நன்னீர் இயந்திரம் கெட்டாலும் போதுமான அளவு பாட்டிலில் தனியாக இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நடுவழியில், பன்னிரண்டாம் நாள் வாக்கில், யாரோடும் பேசப் பிடிக்காத ஒரு நாள் வரும். எல்லோருக்கும் வரும். ஒருவர் தேநீர்க் கரண்டியை வைக்கிற சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். ஓய்வு நேரத்தில் தூங்குங்கள். அந்த எரிச்சலில் முக்கால்வாசி தூக்கக் குறைவுதான். மீதி இருந்தால், அன்றைக்கே நேரே சொல்லிவிடுங்கள்.

கரை

செயின்ட் லூசியா முதலில் மேகமாகத்தான் தெரியும், பிறகுதான் மலையாகும். வடமுனையைச் சுற்றி, பிஜியன் தீவைக் கடந்து ராட்னி பே உள்ளே நுழைவார்கள். நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் க்யூ கொடி ஏறும். ஸ்கிப்பர் சுங்கம், குடிவரவு வேலையை முடித்துவிட்டு வரும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அபராதம் ஸ்கிப்பர் தலையில் விழும். க்ரூ பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறைப்படி எடுத்த பிறகே விமான நிலையத்துக்குப் போங்கள். அது தீவின் தென்கோடியில் இருக்கிறது, ராட்னி பே வடக்கே. போகப் பாதி நாளை ஒதுக்கிவையுங்கள்.

அதற்கு முன், படகைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கழிவறை உட்பட. பிறகு ஒரு தாளில் படகின் பெயர், நீளம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தேதிகள், கடல் மைல், இரவில் வாட்ச் பார்த்த மணிநேரம் எல்லாவற்றையும் எழுதி ஸ்கிப்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். என் தாளில் அந்த அம்மா 2,816 கடல் மைல் என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: "ஒரு வாட்சுக்கும் தாமதமாக வந்ததில்லை." அடுத்த படகின் ஸ்கிப்பர் மைல் கணக்கைப் பார்க்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு, எந்தக் கட்டில் வேண்டும் என்று கேட்டார்.